கொஏஸ்: மந்திரவாதியா, மாயக்காரனா, எத்தனா, வசியக்காரனா?

பிளேட்டோவின் 'மெனோன்' உரையாடலில் ஓர் இடம். தெஸ்ஸாலியிலிருந்து ஏதென்ஸுக்கு வந்திருக்கும் இளைஞன் மெனோன், நற்பண்பு என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் சாக்ரடீஸிடம் பேச ஆரம்பிக்கிறான். அவன் சொல்லும் விளக்கங்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. கடைசியில் வாயடைத்துப்போய், பாதி கோபமும் பாதி வியப்புமாக மூன்று வினைச்சொற்களை அடுத்தடுத்து வீசுகிறான். இரண்டாவது, மருந்து வைப்பதைக் குறிப்பது. மூன்றாவது, ஓதிக் கட்டுவதைக் குறிப்பது. இந்த இரண்டுக்கும் தமிழில் அலைய வேண்டியதில்லை, நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன. முதல் வினைதான் என்னைப் பல நாள் நிறுத்திவைத்தது. 'கொஏஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்த வினை அது. சில வரிகள் தள்ளி அந்தப் பெயர்ச்சொல்லே வருகிறது. இதே வேலையை நீங்கள் வேற்றூரில் அந்நியராக இருந்துகொண்டு செய்தால், உங்களைக் கொஏஸ் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறான் மெனோன்.

முதல் எழுத்தைக் 'கௌதமன்' என்பதில் ஒலிப்பதுபோல் ஒலித்துக்கொள்ளுங்கள். பன்மை 'கொஏதெஸ்'. அந்தத் தொழிலுக்குப் பெயர் 'கொஏதெயா'. கிரேக்க அகராதிகள் மந்திரவேலை செய்பவன் என்று ஒரு பொருளும், ஏமாற்றுக்காரன் என்று இன்னொரு பொருளும் தருகின்றன. கிரேக்க இலக்கியத்தைத் தமிழில் கொண்டுவர உட்காருகிற எவரும் இந்தச் சொல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆளாளுக்கு ஒரு தமிழ்ச்சொல்லைப் போட்டால், சொல் ஒன்றுதான் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் கைக்கு எட்டிய தமிழ்ச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அசல் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன்.

அழுகையிலிருந்து வந்த பெயர்

பொருத்திப் பார்ப்பதற்கு முன் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

கொஏஸ் என்பதன் வேர் 'கொஒஸ்'. அதற்கு அழுகை, புலம்பல், ஓலம் என்று பொருள். செத்தவருக்காக அழும் அழுகை. ஹோமரின் இலியத் கடைசிப் பாடலில் ஹெக்டரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்துகிறார்கள். பாடகர்கள் பக்கத்தில் அமர்ந்து இரங்கற்பாட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். அது தொழில்முறைப் பாட்டு, அதற்கு 'திரேனொஸ்' என்று வேறு பெயர். அதன் பிறகு மனைவி ஆந்த்ரோமகே, செத்தவனின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு அழத் தொடங்குகிறாள். பின்னர் தாய் ஹெக்கபே. அதற்கும் பின்னர் ஹெலன். இவர்களுடைய அழுகைதான் கொஒஸ். மூவரும் ஹெக்டரைப் பார்த்து நேராகப் பேசுகிறார்கள், என்னை விட்டுப் போனாயே என்கிறார்கள். நம் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஒப்பாரியும் செத்தவரை முன்னிலையில் வைத்துப் பேசுகிற பாட்டுத்தானே.

சரி, அழுகிறவருக்கும் மந்திரக்காரனுக்கும் என்ன தொடர்பு? ஈஸ்கிலஸ் கி.மு. 472இல் அரங்கேற்றிய 'பாரசீகர்கள்' நாடகம் இதற்குப் பதில் சொல்கிறது. சாலமிஸ் கடற்போரில் தோற்ற செய்தி பாரசீகத் தலைநகருக்கு வந்துவிட்டது. அரசி பாலும் தேனும் நீரும் திராட்சை ரசமும் எண்ணெயும் பூவும் கொண்டுவந்து, செத்துப்போன கணவன் டேரியஸின் சமாதியில் படைக்கிறாள். முதியோர் கூட்டம் ஓலமிட்டு அவனை அழைக்கிறது. டேரியஸின் ஆவி எழுந்து வந்து, உயிரை இழுத்துவரும் ஓலங்களால் என்னை அழைத்தீர்களே என்கிறது. ஓலம் என்ற இடத்தில் இருக்கும் சொல் கொஒஸின் பன்மை. பெண்கள் தாங்க முடியாமல் அழுத அதே அழுகை, முறை தெரிந்தவர் வாயில் செத்தவரை எழுப்பும் கருவியாகிவிடுகிறது. அந்த முறை தெரிந்தவன்தான் கொஏஸ்.

இது இன்றைய ஆய்வாளர்கள் மட்டும் கண்டுபிடித்துச் சொன்னதும் அல்ல. 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் தொகுக்கப்பட்ட 'சூதா' என்ற பேரகராதி, கொஏதெயா என்பது செத்தவரை அழைத்து எழுப்புவது என்றும், கல்லறைகளைச் சுற்றி நடக்கும் அழுகையாலும் புலம்பலாலும் அதற்கு அந்தப் பெயர் வந்தது என்றும் எழுதிவைத்திருக்கிறது. கிரேக்கச் சமய ஆய்வாளர் வால்டர் பர்கெர்ட் 1962இல் இந்த ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு நீண்ட கட்டுரை எழுதினார். ஆவேசத்தில் ஓலமிட்டு உயிர்களை மறுவுலகத்துக்கும் இவ்வுலகத்துக்கும் இடையே நடத்திச்செல்லும் பழைய ஆள் ஒருவன் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறான் என்பது அவர் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது.

குரலால் பெயர் பெற்ற குறிக்காரர் நம்மிடமும் உண்டு. குறுந்தொகை 23ஆம் பாட்டில் ஔவையார் 'அகவன் மகளே அகவன் மகளே' என்று கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறார். அகவுதல் என்றால் குரலெடுத்து அழைத்தல். மயில் அகவுகிறது என்று இன்றும் சொல்கிறோம். இரண்டு சொல்லுக்கும் உறவு இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. வெவ்வேறு மொழிகள், வெவ்வேறு கடல்கள். ஆனால் தெய்வத்தையோ ஆவியையோ குரல் கொடுத்து அழைப்பவரை அந்தக் குரலாலேயே அடையாளம் காண்பது இரு மொழிகளுக்கும் இயல்பாக வந்திருக்கிறது.

மதிப்பு இறங்கிய கதை

நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழைய ஆட்சி ஒன்றில் கொஏஸ் வசைச்சொல் அல்ல. 'ஃபொரோனிஸ்' என்ற காப்பியத்தில் துண்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒரு துண்டு இடா மலையின் பிரிகிய மனிதர் மூவரைக் கொஏதெஸ் என்கிறது. பெயர்கள் கெல்மிஸ், தாம்னமெனெயுஸ், ஆக்மோன். ஆக்மோன் என்றால் பட்டடைக்கல். தாம்னமெனெயுஸ் என்றால் அடக்குபவன். இரும்பைக் கண்டுபிடித்து நெருப்பில் காய்ச்சி முதன்முதலில் வேலை செய்தவர்கள் இவர்கள்தான் என்கிறது அந்தப் பாட்டு. கொல்லர்கள். கல்லிலிருந்து இரும்பை வரவழைப்பவனைப் பார்த்து வியக்கிற ஒரு காலத்தின் சொல் அது.

வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் காலத்தில் சொல்லின் மேல் சந்தேகம் படர்ந்துவிட்டது. சித்தியர் நாட்டுக்கு அப்பால் நெயுரோய் என்ற மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் ஓநாயாக மாறித் திரும்பவும் மனிதராவார்கள் என்று கேள்விப்பட்டதை எழுதுகிறார். அவர்கள் கொஏதெஸாக இருக்கக்கூடும் என்கிறார். சத்தியம் செய்து சொன்னாலும் தாம் நம்பவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்த இடத்தில் சொல்லுக்கு அழுகையோடு ஒட்டே இல்லை, உருமாறுவதுதான் முன்னால் நிற்கிறது.

அப்புறம் ஏதென்ஸ். யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்தில் லிடியாவிலிருந்து வந்த அந்நியனை அரசன் பெந்தேயுஸ் கொஏஸ் என்று இகழ்கிறான். மணக்கும் சுருள்முடி, கண்ணில் காமக் கவர்ச்சி, ஊர்ப் பெண்களையெல்லாம் இரவும் பகலும் கூட்டிவைத்துக்கொண்டிருக்கிறான் என்பது குற்றச்சாட்டு. அந்த அந்நியன் தியோனிசஸ் தெய்வமேதான் என்பது அரசனுக்குத் தெரியாது. கி.மு. 428இன் 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில் மகனின் நிதானமான பேச்சைக் கேட்டுத் தந்தை தீசியஸ் கொதிக்கிறான்: அப்பனை அவமானப்படுத்திவிட்டு அமைதியாகப் பேசியே என்னை வென்றுவிடலாமென்று நினைக்கிறானே, இவன் ஓதுகிறவனும் கொஏஸும் அல்லவா என்கிறான். கவனியுங்கள், கல்லறை போய்விட்டது, இரும்பு போய்விட்டது, ஓநாய் போய்விட்டது. மிஞ்சியது பேச்சின் பிடி. குரலில் தொடங்கிய சொல் சுற்றிவந்து மறுபடி குரலிடமே நிற்கிறது. இம்முறை நாலுபேர் நடுவில் பேசும் குரல்.

பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலில் தியோதிமா, காதல் தெய்வம் ஈரோஸை வருணிக்கும்போது அவனை வல்லமை மிக்க கொஏஸ், மருந்து வைப்பவன், சோஃபிஸ்ட் (காசு வாங்கிக்கொண்டு பேச்சுத்திறன் கற்பிப்பவன்) என்று அடுக்குகிறாள். கி.மு. 330இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் தலைக்கிரீட வழக்கு நடந்தபோது டெமாஸ்தனீஸ், எதிராளி ஈஸ்கினீஸ் தன்னை வல்லவன், கொஏஸ், சோஃபிஸ்ட் என்றெல்லாம் சொல்கிறான் என்று முறையிடுகிறார். இரண்டு அடுக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே சொற்கள். ஓரிடத்தில் தெய்வத்தின் மேல் பிரியத்தோடு, இன்னோரிடத்தில் அரசியல்வாதியின் மேல் பகையோடு. நான் தேடும் தமிழ்ச்சொல் இந்த இரண்டு வாயிலும் நுழைய வேண்டும். இதுதான் எனக்கு முதல் சோதனை.

இரண்டாவது சோதனை, அந்தச் சொல்லுக்கு ஒரு வினை வேண்டும். மெனோன் வினையாகத் தொடங்கிப் பெயராக முடிக்கிறான். தமிழில் வினை ஒரு வேரிலும் பெயர் வேறொரு வேரிலும் இருந்தால் அவன் பேச்சு இரண்டாக அறுந்துவிடும்.

மூன்றாவது, அதன் பக்கத்தில் வந்து நிற்கும் சொற்களோடு அது குழம்பக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

கொஏஸ் தனியாக வருவது குறைவு. கூடவே வருகிறவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல சொற்களையெல்லாம் ஒருவருக்கே கொடுத்துத் தீர்த்துவிடுவோம்.

'மாகொஸ்' பாரசீகச் சொல். பழம்பாரசீகத்தில் 'மகுஷ்'. டேரியஸ் பெஹிஸ்துன் பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டில், அரியணையைப் பறித்த கௌமாதா என்பவனை மகுஷ் என்றே குறிக்கிறான். ஹெரோடோட்டஸ் மாகொய் என்பவர்களை மீதியர் குலங்களில் ஒன்றாகவும், வேள்வியும் கனவுக்குறியும் பார்க்கும் பூசாரிகளாகவும் காட்டுகிறார். கிரேக்கர் வாயில் இதுவும் பிறகு வசையாகிவிட்டது. சோபோக்ளீஸின் ஈடிபஸ், குருட்டுக் குறிக்காரர் டைரீசியஸை மாகொஸ் என்று திட்டுகிறான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒரே சொல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் சாஸ்திரிகள், அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பர்யேசு மாயவித்தைக்காரன். மொழிபெயர்ப்பாளர் ஆளைப் பார்த்துச் சொல்லை மாற்றியிருக்கிறார். நான் இதை மாகியர் என்று ஒலிபெயர்த்துவிடுவேன், அது ஓர் இனத்தாரின் பெயர் என்பதால்.

'ஃபார்மகெயுஸ்' என்றால் ஃபார்மகொன் வைப்பவன். ஃபார்மகொன் மருந்துமாகும், விஷமுமாகும், மயக்குப் பொருளுமாகும். ஐரோப்பிய மொழிகளில் இதை மொழிபெயர்க்கப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தமிழில் ஒரு சொல் போதும்: மருந்து. டாக்டர் கொடுப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, மாப்பிள்ளையை மயக்கச் சோற்றில் வைத்துவிட்டார்கள் என்பதும் மருந்து. மருந்து வைப்பவன் என்றால் முடிந்தது. தமிழ் வேதாகமம் இந்தக் குடும்பச் சொற்களுக்குச் சூனியக்காரர் என்றும் பில்லிசூனியம் என்றும் போட்டிருக்கிறது.

'எபோதொஸ்' என்பவன் ஓதுகிறவன். ஒருவர் மேல் பாடுவது என்பது அதன் நேர்ப்பொருள். ஒடிசியில் பன்றி குத்திய ஒடிசியஸின் தொடையிலிருந்து வழியும் ரத்தத்தை ஓதியே நிறுத்துகிறார்கள். ஓதிக் கட்டுபவன் என்பது இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வெறுமனே ஓதுவார் என்றால் கோயிலில் தேவாரம் பாடுபவர் என்றாகிவிடும், அதைத் தொடக் கூடாது.

இப்போது கொஏஸுக்கு வருவோம்.

மந்திரவாதி

எல்லோர் கையும் முதலில் இதன்மேல்தான் போகும். என் முதல் படியிலும் இதுதான் இருந்தது. மந்திரம் வாயால் சொல்லப்படுவது என்பதால் குரலும் உள்ளே இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் ஓதுகிறவனுக்குரியது. யூரிப்பிடீஸில் இருவரும் ஒரே வரியில் ஒட்டி நிற்கும்போது, மந்திரவாதி என்ற சொல் இருவரையும் விழுங்கிவிடுகிறது. வினையும் கைகொடுக்கவில்லை. மந்திரித்தல் என்றால் குழந்தை பயந்து அழும்போது விபூதி போட்டுத் தாயத்துக் கட்டுவது, நல்லதுக்குச் செய்வது. 'என்னை மந்திரிக்கிறீர்கள்' என்று மெனோன் சொன்னால் சாக்ரடீஸ் காய்ச்சலுக்குப் பார்த்ததுபோல் ஆகிவிடும். போதாததற்கு, மந்திரவாதி என்றதும் மண்டையோடும் மைக்கூடும் ஏழு கடல் தாண்டிய கிளியும் மனத்தில் வந்து நிற்கின்றன. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அந்த ஆளுக்கு இடமில்லை.

சூனியக்காரன்

இது கெடுதல் செய்பவனை மட்டுமே காட்டும். ஈரோஸைச் சூனியக்காரன் என்று தியோதிமா சொல்ல முடியாது. இந்தச் சொல்லை இங்கேயே வைத்துவிடலாம்.

ஒரு வார்த்தை மட்டும். கொஏதெயா என்ற சொல்லைப் பேய் பிசாசுகளை ஏவும் வித்தை என்று பலர் இன்று நினைப்பதற்குக் காரணம், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மந்திர ஏடு ஒன்று 72 ஆவிகளின் பட்டியலுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. வீடியோ கேம் வழியாக அது நம் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. பிளேட்டோவுக்கும் அதற்கும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. அங்கிருந்து பொருளை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போகக் கூடாது.

எத்தன்

இந்தச் சொல்லை எனக்குக் காட்டித் தந்தது தமிழ் வேதாகமம். புதிய ஏற்பாட்டில் கொஏஸ் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது: தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், மூன்றாம் அதிகாரம், 13ஆம் வசனம். அங்கே பொல்லாதவர்களும் எத்தர்களுமானவர்கள் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு நறுக்கான தேர்வு. அந்தக் கடிதக்காரருக்கு மந்திரம் முக்கியமல்ல, போலி ஆசிரியர்கள்தான் முக்கியம். மோசம்போக்குகிறவர்கள், தாங்களும் மோசம்போகிறவர்கள் என்று வசனம் தொடர்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேஃபஸ், தெயுதாஸ் என்பவனை அறிமுகப்படுத்தும்போதும் இதே நிறம்தான். தான் ஒரு தீர்க்கதரிசி, யோர்தான் ஆறு தன் சொல்லுக்குப் பிளந்து வழிவிடும் என்று கூட்டத்தை நம்பவைத்து அழைத்துப்போன அந்த மனிதனை அவர் கொஏஸ் என்கிறார். ரோமானியக் குதிரைப்படை வந்து அவன் தலையை வெட்டி எருசலேமுக்குக் கொண்டுபோனது. எத்தன் அங்கே பொருந்தும்.

நீதிமன்றத்திலும் பொருந்தும். அதே 330ஆம் ஆண்டு வழக்கில் ஈஸ்கினீஸ், டெமாஸ்தனீஸைக் கொஏஸ் என்றும் பணப்பையை அறுப்பவன் என்றும் ஒரே மூச்சில் திட்டுகிறார். பணப்பையை அறுப்பவனுக்குத் தமிழில் முடிச்சவிழ்க்கி என்று ஒரு பொன்னான சொல் இருக்கிறது. 'எத்தன், முடிச்சவிழ்க்கி' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், தெருச்சண்டையே கேட்கும். ஈஸ்கினீஸ் எதிர்பார்த்ததும் அதுதான்.

ஆனால் எத்தனுக்குள் மந்திரம் ஒரு துளிகூட இல்லை. நெயுரோய் ஓநாயாக மாறுவதை எத்து என்று சொன்னால் ஹெரோடோட்டஸின் வாக்கியம் செத்துவிடும். இடா மலைக் கொல்லரை எத்தர் என்றால் அது பாட்டே அல்ல. ஈரோஸை எத்தன் என்று சொல்லலாம், கொஞ்சலாகக்கூடச் சொல்லலாம். ஆனாலும் மயங்கிப்போனவரின் குரல் அதில் கேட்காது, ஏமாந்துபோனவரின் குரல்தான் கேட்கும்.

மாயக்காரன்

நீண்ட நாள் இதுதான் சரி என்று இருந்தேன். மாயம் என்ற சொல்லில் வித்தையும் உண்டு, வஞ்சமும் உண்டு, அன்பும் உண்டு. கண்ணனை மாயக்காரன் என்று செல்லமாகத் திட்டுகிற மொழி நம்முடையது. உருமாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் சாக்ரடீஸ், தெய்வம் என்ன கொஏஸா, வேண்டும்போதெல்லாம் வேறு வேறு உருவில் தோன்றுவதற்கு என்று கேட்கிறார். அங்கே மாயக்காரன் என்று போட்டால், அவதாரங்களைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்தக் கேள்வி கிரேக்க வாசகரைவிட ஆழமாகவே தைக்கும். நெயுரோய்க்கும் கொல்லருக்கும்கூட இது சரி.

இரண்டு தடைகள் வந்தன. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மாயக்காரர் என்றால் வெளிவேஷக்காரர். 'மாயக்காரராகிய வேதபாரகரே! பரிசேயரே!' என்று ஞாயிறுதோறும் கேட்ட காது அது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது வேறு சொல், நடிகனைக் குறிக்கும் சொல். இந்தத் தடையைக்கூடத் தாண்டிவிடலாம், இடம் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார். தாண்ட முடியாதது மற்றது: வினை. 'என்னை மாயம் செய்கிறீர்கள்' என்று எந்தத் தமிழரும் இன்னொருவரிடம் சொல்லமாட்டார். மாயம் பொருளின்மேல் நடக்கிறது, பார்வையின்மேல் நடக்கிறது. ஓர் ஆள் மற்றோர் ஆளின் மனத்தைப் பிடிப்பதற்கு அது வருவதில்லை. மயக்குதல் வரும். ஆனால் மயக்குக்காரன் என்று பெயராக்கினால் சொல் நொண்டுகிறது.

அகவனும் ஒலிபெயர்ப்பும்

வேர்ப்பொருளைக் காப்பாற்ற வேண்டுமென்ற ஆசையில் அகவன், ஓலத்தான், அரற்றுவோன் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். அகவன் காதுக்கு அழகு. ஆனால் பிளேட்டோ எழுதும்போதே கிரேக்கர் காதில் அழுகை மங்கியிருந்தது. அவர் வாசகருக்குக் கொஏஸ் தெருவில் கேட்கிற வசைச்சொல், புதைபொருள் அல்ல. அகராதியைப் புரட்டினால்தான் தெரியும் சொல்லை மெனோன் வாயில் வைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். கோடாங்கி என்ற சொல்லும் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தது. குரல், அருள், குறி, ஊர் ஊராகப் போவது எல்லாம் ஒத்துப்போகின்றன. கூடவே உடுக்கையும் நம் ஊர்ச் சாவடியும் வந்துவிடுகின்றன. ஏதென்ஸ் ஏதென்ஸாக இருக்கட்டும்.

கொஏஸ் என்று அப்படியே எழுதிவிடுவது ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. இந்தக் கட்டுரையில் நானே அப்படித்தான் செய்திருக்கிறேன். நாடகத்தில் பெந்தேயுஸ் 'கொஏஸ்!' என்று கத்தினால் அரங்கில் ஒருவருக்கும் சுடாது.

வசியக்காரன்

கடைசியில் கையில் நின்றது இது. வசியம் பண்ணுதல் என்ற வினை இருக்கிறது, வசியம் என்ற தொழிற்பெயர் இருக்கிறது, வசியக்காரன் என்ற ஆள் இருக்கிறான். மூன்றும் ஒரே வேரில், மூன்றும் பேச்சில் புழங்குபவை. எட்டுக் கருமங்களைப் பிரித்துப் பேசுகிற மாந்திரீக நூல் வழியில் வசியம் ஒன்று, ஆகர்ஷணம் ஒன்று, மோகனம் ஒன்று என்று தனித்தனியாக நிற்கும். செத்தவரை அழைப்பதற்கு ஆகர்ஷணம்தானே நெருக்கம் என்று அந்த வழி தெரிந்தவர் கேட்கலாம். ஆனால் ஊர்ப்பேச்சில் வசியம் அந்த எல்லைகளைத் தாண்டி, ஒருவர் மனத்தை அவர் அறியாமல் பிடித்துக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. நல்ல பேச்சாளரைப் பார்த்துக் 'குரலிலேயே ஒரு வசியம் இருக்கிறது' என்கிறோம். அது பாராட்டு. 'என் பிள்ளையை வசியம் பண்ணிவிட்டாள்' என்றால் அது குடும்பத்தை உடைக்கிற குற்றச்சாட்டு. பிரியத்துக்கும் பகைக்கும் ஒரே சொல். முதல் சோதனையை இது மட்டும்தான் முழுசாகத் தாண்டியது.

கிரேக்க மொழியே கொஏஸைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் எனக்குத் துணை நிற்கிறது. இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பெண்களைக் கவரும் ஆடவன் என்று பொருள். கொஏதெயா என்றால் வசீகரம். கல்லறையில் தொடங்கிய சொல் அங்கே போய்க் குடியேறியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வசியக்காரனுக்கு ஓநாயாக மாறத் தெரியாது, இரும்பு காய்ச்சத் தெரியாது. அதனால் என் முடிவு இப்படி: நாடகங்கள், பிளேட்டோ, பேச்சுக்கலை ஆசான் கோர்கியாஸ் என்று மனத்தையும் பேச்சையும் பற்றிய எழுத்துகளில் வசியக்காரன், வசியம் பண்ணுதல். உருமாற்றமும் வியப்பும் முன்னால் நிற்கும் ஹெரோடோட்டஸிலும் பழங்காப்பியத் துண்டிலும் குடியரசின் அந்த ஒரு கேள்வியிலும் மாயக்காரன். முடிச்சவிழ்க்கியோடு சேர்ந்து வரும் வசையிலும், யோசேஃபஸிலும், நிருபத்திலும் எத்தன். மூன்றுக்கும் அசல் ஒன்றுதான் என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதி, அந்தப் பத்தியில் ஓலத்தையும் அகவன் மகளையும் சொல்லிவிடலாம். ஒரே சொல்தான் கடைசிவரை வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் வசியக்காரனையே வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஓநாய்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை.

ஒரு கவலை மட்டும் எனக்கு இருந்தது. காதலுக்கும் சினிமாப் பாட்டுக்கும் பழகிய இந்தச் சொல் கைது செய்யும் அளவுக்குக் கனக்குமா? பிளேட்டோ 'சட்டங்கள்' பத்தாம் புத்தகத்தில் வகுக்கும் தண்டனையைப் பாருங்கள். உயிரோடிருப்பவர் மனத்தை இழுப்பவர்கள், செத்தவர் ஆவியை எழுப்புவதாகச் சொல்பவர்கள், வேள்வியாலும் வேண்டுதலாலும் ஓதலாலும் தெய்வங்களையே வளைப்பதாகச் சொல்பவர்கள் எல்லோருக்கும் ஆயுள் சிறை. சுதந்திர மனிதர் எவரும் போய்ப் பார்க்கக் கூடாது. செத்தால் எல்லைக்கு வெளியே புதைக்காமல் எறிய வேண்டும். தெய்வங்களை வளைப்பதற்கு அவர் அங்கே பயன்படுத்தும் வினை நம் கொஏஸின் வினைதான். இந்தக் கனம் தமிழில் தானாக வராது. ஆனால் மெனோனின் வாக்கியத்தில் மூன்று வினைகளையும் சேர்த்து வைத்தபோது வந்தது. தனியாக நின்றால் இனிக்கும் வசியம், மருந்துக்கும் ஓதலுக்கும் பக்கத்தில் நின்றதும் ஊர்ப் பஞ்சாயத்தில் வைக்கிற பிராது மாதிரி இறுகிவிட்டது.

'சாக்ரடீஸ், நீங்கள் எப்போதும் குழம்புவதையும் மற்றவர்களைக் குழப்புவதையும் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று உங்களைப் பார்க்கும் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். இப்போது என்னை வசியம் பண்ணுகிறீர்கள், மருந்து வைக்கிறீர்கள், ஓதிக் கட்டுகிறீர்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை' என்று தொடங்கி, தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கையோடு அவரை ஒப்பிட்டுவிட்டு, இந்த ஊரை விட்டு நீங்கள் வெளியே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம்தான் என்கிறான் மெனோன். உள்ளூரில் அவருக்கு ஆபத்தில்லை என்பது அவன் எண்ணம். அதே உரையாடலில் கொஞ்ச நேரம் கழித்து அனிட்டஸ் என்ற ஏதென்ஸ் பெரியமனிதர் வந்து உட்காருகிறார். ஊராரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள் என்று சாக்ரடீஸிடம் சொல்கிறார். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மேல் வழக்குத் தொடுத்த மூவரில் ஒருவர் இந்த அனிட்டஸ். என் படியில் மெனோனின் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: 'வேற்றூரில் அந்நியராக இருந்து இதைச் செய்தால், வசியக்காரன் என்று உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.'